வீட்டுப் படங்களும் விமர்சனமும்: படத்தைப் பேசுவோம், ஆளைப் பேசோம்

இன்று வீட்டுக்கு ஒரு கெமரா இருக்கிறது. பல வீடுகளில் ஆளுக்கு ஒன்று. கையடக்கத் தொலைபேசி வந்த பின்னர் பெருநாள் காலை, தங்கச்சியின் முதற்பல், உம்மும்மாவின் மடியில் உறங்கும் பூனை என எல்லாமே படமாகிவிடுகின்றன. ஆனால் எடுத்த படத்தை வீட்டாரிடம் காட்டி, "எப்படி இருக்கு?" என்று கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் இரண்டே வகைதான். ஒன்று, "மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு". மற்றையது, "இது என்ன படம், அழிச்சுப் போடு". இரண்டுமே அன்பினால் வருவனவாக இருக்கலாம். ஆயினும் அடுத்த படத்தை இதைவிட நன்றாக எடுப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள, அவ்விரண்டு விடைகளிலும் ஒரு பிள்ளைக்கு எதுவுமில்லை.

நான் தமிழ் கற்பிப்பவள். மாணவியர் சிலர் கூடிப் படம் எடுத்துப் பழகும் ஒரு சிறிய வட்டத்தையும் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். கவிதைக்கும் சிறுகதைக்கும் விமர்சனம் சொல்லப் பழகிய பிள்ளைகள், வீட்டுப் படம் ஒன்றை மேசையில் வைத்ததும் வாயடைத்துப் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். காரணம் விளங்குகிறது. கண்டி வாவியின் படத்தைப் பார்த்து "வானம் வெளுத்துப் போயிருக்கிறது" என்றால் வாவி கோபித்துக்கொள்ளாது. ஆனால் ஒரு பிள்ளையின் உம்மாவின் படத்தைப் பார்த்து "முகம் இருண்டிருக்கிறது" என்றால், அந்தப் பிள்ளையின் காதில் விழுவது உம்மாவைப் பற்றிய வார்த்தை. சொல்பவர் படத்தைப் பார்க்கிறார். கேட்பவர் ஆளைப் பார்க்கிறார். வீட்டுப் படங்களின் விமர்சனம் கடினமாக இருப்பது இந்த இடைவெளியினால்தான். அதைக் கடக்கச் சில வழிகள் உண்டு. அவற்றை மாணவியருக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றுப் பாடத்தில் வரும் ஒரு குடும்பம்

கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் பற்றி நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1833ஆம் ஆண்டின் அந்தச் சீர்திருத்தங்களோடு பெயர் இணைந்த சார்ல்ஸ் ஹே கமரனின் மனைவிதான் ஜூலியா மார்கரெட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்த காலத்தில், 1863ஆம் ஆண்டின் இறுதியில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கெமராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. வீட்டுக் கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக மாற்றி ஸ்டூடியோ ஆக்கிக்கொண்டார். நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறை ஆக்கினார். அவர் எடுத்த படங்களில் உறவினர், அயலார் பிள்ளைகள், வீட்டுப் பணிப்பெண்கள், வந்துபோன விருந்தினர் என வீட்டைச் சுற்றி இருந்தவர்களே நிறைந்திருந்தனர்.

அவருக்கு இரண்டு விதமான விமர்சனங்கள் கிடைத்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நமக்கு நல்ல பாடம்.

1865இல் இலண்டன் புகைப்படச் சங்கத்தின் சஞ்சிகை அவருடைய படங்கள் தெளிவாகக் குவியப்படவில்லை என்று குறை கூறியது. துணிச்சலும் புதுமையும் இருப்பதை ஒப்புக்கொண்ட அதே மூச்சில், புகைப்படத்துக்குரிய ஏனைய பண்புகளெல்லாம் அதற்காகப் பலியாகிவிட்டன என்றும் எழுதியது. அந்த மென்மையான குவியம் அவர் விரும்பித் தேர்ந்துகொண்டது. "நீங்கள் இப்படித்தான் எடுக்க நினைத்தீர்களா?" என்ற கேள்வியைக் கேளாமலே தீர்ப்பு வந்துவிட்டது.

மற்றைய விமர்சனம் ஓவியர் ஜோர்ஜ் பிரெடரிக் வொட்ஸிடமிருந்து வந்தது. கமரன் தம் படங்களை அவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பது வழக்கம். அட்டையில் ஒட்டி அழகுபடுத்திய விலையுயர்ந்த பிரதிகளை அனுப்ப வேண்டாம், குறையுள்ள, ஒட்டாத பிரதிகளே போதும், அவற்றைக் கொண்டே தம்மால் கருத்துச் சொல்ல முடியும் என்று வொட்ஸ் அவருக்கு எழுதினார். இதிலுள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். வெற்றி பெற்ற படத்தைக் காட்டினால் பாராட்டுக் கிடைக்கும். கற்றுக்கொள்ள வேண்டுமாயின் குறையுள்ள படத்தைக் காட்ட வேண்டும். அதைத் தயங்காமல் காட்டக்கூடிய ஒருவர் நமக்கு வாய்க்க வேண்டும்.

கமரனும் விமர்சனத்துக்கு அஞ்சி ஒதுங்கவில்லை. விஞ்ஞானி ஜோன் ஹெர்ஷெலுக்குப் படங்களை அனுப்பினார். எது சரியான குவியம் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்று கடிதத்தில் அவரிடமே கேட்டார். நெகட்டிவ், பொசிட்டிவ் என்ற சொற்களைப் புகைப்படத் துறைக்குத் தந்தவர் இந்த ஹெர்ஷெல்தான். 1869இல் தம் கண்ணாடித் தகடுகளில் வெடிப்பு விழுவதைப் பற்றி, தம்மைக் குறைகூறிய அதே புகைப்படச் சங்கத்தாரிடம் ஆலோசனை கேட்கவும் அவர் பின்வாங்கவில்லை. தமது ரசனையைப் பற்றிய தீர்ப்பை அவர் ஏற்கவில்லை. தொழில்நுட்பம் பற்றிய அறிவுரையை விரும்பிக் கேட்டார். எதை ஏற்பது, எதை விடுவது என்று பிரித்தறிந்த பக்குவம் இது.

1875இல் கமரன் தம்பதியர் இலங்கைக்கு வந்துவிட்டனர். களுத்துறையில் அவர்கள் வாழ்ந்த வீட்டுக்கு ஓவியர் மரியான் நோர்த் சென்றிருந்தார். சுவர்களிலெல்லாம் புகைப்படங்கள், முயலும் அணிலும் மைனாவும் அச்சமின்றி உள்ளே வந்துபோயின, வாசலில் பழக்கப்பட்ட ஒரு மான் நின்றது என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். நோர்த்தையும் அந்த வீட்டில் கமரன் படமெடுத்தார். 1879இல் டிக்கோயாப் பகுதியில் காலமான ஜூலியா கமரன் பொகவந்தலாவையில், நம் கண்டியிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய மலைநாட்டில், அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

இந்நாட்டிலும் பின்னாளில் படம் எடுப்போர் ஒருவர் படத்தை ஒருவர் பார்த்துப் பேசும் மரபு வளர்ந்தது. 1934இல் இலங்கைப் புகைப்படச் சங்கத்துக்குப் புத்துயிர் அளித்தவர்களில் லயனல் வென்ட் முக்கியமானவர். கொழும்பில் இன்று அவர் பெயரால் ஓர் அரங்கே உண்டு. நம் தமிழ் மரபில் நூலைச் சான்றோர் சபையில் அரங்கேற்றும் வழக்கம் இருந்தது. சபை கேள்வி கேட்கும். புலவர் விடை சொல்வார். கேள்விக்கு நின்று பதில் சொன்ன பின்னரே நூல் நூலாயிற்று. வீட்டுப் படத்துக்கும் அப்படி ஒரு சிறு சபை தேவை. மூன்று பேர் போதும்.

எப்படிக் கேட்பது?

நல்ல விமர்சனம் நல்ல கேள்வியிலிருந்து பிறக்கிறது. "நல்லா இருக்கா?" என்று கேட்டால், "ஆம்" என்று சொல்வதைத் தவிர நல்ல மனத்தவர்களுக்கு வேறு வழியில்லை. அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"இந்தப் படத்தில் உங்கள் கண் முதலில் எங்கே போகிறது?"

"வாப்பாவும் தம்பியும் சிரித்துக்கொண்டிருந்த நேரம் இது. அந்தச் சந்தோசம் படத்தில் தெரிகிறதா?"

"பூனையின் முகம் தெளிவில்லை. நான் அசைந்ததாலா, அது அசைந்ததாலா?"

இவ்வாறான கேள்விகளில் மூன்று நன்மைகள் உண்டு. நீங்கள் எதை நினைத்து எடுத்தீர்கள் என்பதைப் பார்ப்பவர் அறிகிறார். எதைப் பற்றிப் பேசலாம் என்ற அனுமதி அவருக்குக் கிடைக்கிறது. பதில் உங்கள் கையில் இருக்கும் வேலைக்கு நேரே உதவுகிறது.

இன்னும் இரண்டு. ஐம்பது படங்களைக் காட்டாதீர்கள். இரண்டு அல்லது மூன்று போதும். ஐம்பதைக் கண்டவர் ஒன்றையும் காண்பதில்லை. முடிந்தால் அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுக் காட்டுங்கள். கையடக்கத் தொலைபேசியின் திரை சிறியது. அதன் வெளிச்சம் எல்லாப் படங்களையும் கொஞ்சம் அழகாக்கிவிடும். காகிதத்தில் குறை மறையாது.

கருத்தைக் கேட்கும்போது இடையில் பேசாதிருப்பதும் ஒரு பயிற்சி. "அது வந்து, வெளிச்சம் இல்லை, தம்பி தள்ளிவிட்டான்..." என்று நியாயம் சொல்லத் தொடங்கினால், சொல்பவர் நிறுத்திவிடுவார். கேட்டு முடித்து, எழுதிக்கொண்டு, நன்றி சொல்லுங்கள். ஏற்பதும் விடுவதும் பிறகு உங்கள் விருப்பம்.

எப்படிச் சொல்வது?

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லேர்மன் 1990ஆம் ஆண்டளவில், கலைஞர்கள் ஒருவருக்கொருவர் கருத்துச் சொல்வதற்கு ஓர் ஒழுங்கை வகுத்தார். பார்த்தோர் தம் மனத்தில் பதிந்ததை முதலில் சொல்வர். பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார். பிறகு பார்த்தோர் தீர்ப்புக் கலக்காத கேள்விகளைக் கேட்பர். கடைசியில், படைத்தவர் அனுமதித்தால் மட்டும், தம் அபிப்பிராயத்தைச் சொல்வர். எங்கள் வட்டத்தில் இதைச் சற்றுச் சுருக்கி நான்கு படிகளாகப் பின்பற்றுகிறோம்.

முதற்படி, கண்டதைச் சொல்லுதல். "ஒரு பிள்ளை சன்னலோரம் நிற்கிறாள். பின்னால் கொடியில் துணி காய்கிறது. ஒளி இடப்பக்கத்திலிருந்து வருகிறது." இதில் நல்லது கெட்டது எதுவுமில்லை. ஆனால் படம் எடுத்தவளுக்கு இதுவே பெரிய செய்தியாக இருக்கக்கூடும். பின்னால் துணி காய்ந்ததை அவள் அதுவரை கண்டிருக்கவே மாட்டாள்.

இரண்டாம் படி, நன்றாக அமைந்த ஒன்றைக் காரணத்தோடு சொல்லுதல். "அழகு" என்று நிறுத்தினால் போதாது. "கண்களில் சன்னலின் ஒளிப்புள்ளி தெரிவதால் முகம் உயிரோடு இருக்கிறது" என்றால், எடுத்தவள் அதை மீண்டும் செய்வாள். காரணமில்லாத பாராட்டு இனிப்பு மாதிரி. உண்ட கணத்தோடு முடிந்துவிடும்.

மூன்றாம் படி, கேள்வி. "ஏன் இப்படி இருட்டாக எடுத்தாய்?" என்பது கேள்வி வேடம் போட்ட குற்றச்சாட்டு. "இருள் வேண்டும் என்று விட்டாயா, இல்லை அப்படி அமைந்துவிட்டதா?" என்பது உண்மையான கேள்வி. கமரனிடம் சஞ்சிகை கேட்காமல் விட்டது இந்தக் கேள்வியைத்தான்.

நான்காம் படி, மாற்றக்கூடிய ஒரே ஒன்றைச் சொல்லுதல். ஒன்றுக்கு மேல் வேண்டாம். அதுவும் எடுத்தவளின் கைக்குள் இருக்க வேண்டும். "இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் அந்தத் துணி மறைந்திருக்கும்" என்பது செய்யக்கூடியது. "உன் சாச்சி கொஞ்சம் மெலிந்திருந்தால் நல்லாயிருக்கும்" என்பது விமர்சனமே அன்று, புண்படுத்தல். நிறம், பருமன், பல், வயது, உடையின் விலை, வீட்டின் வசதி ஆகிய ஆறும் எங்கள் வட்டத்தில் பேசப்படுவதில்லை. இவற்றில் எதுவும் படம் எடுத்தவளின் வேலை அன்று.

ஒரு படத்தின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். மலைச்சரிவில் உள்ள அவர்கள் வீட்டின் பின்குசினி. விறகடுப்பின் பக்கத்தில் சிறு பலகையில் அவளுடைய உம்மும்மா. காலடியில் ஒரு கறுப்புப் பூனை. மேசையில் வைத்ததும், "மிஸ், இதை அழிக்கத்தான் நினைச்சேன்" என்றாள். உறவினர் பார்த்துவிட்டு, உம்மும்மாவின் முந்தானை பழையது, சுவரெல்லாம் கரி, முகத்தில் இவ்வளவு சுருக்கம், இதையெல்லாம் யாருக்காவது காட்டுவார்களா என்று கேட்டார்களாம். சுருக்கத்தை நீக்கும் செயலி ஒன்றால் மினுக்கிய இன்னொரு பிரதியும் அவளிடம் இருந்தது. அதில் உம்மும்மாவின் முகம் சீனாப் பீங்கான் போல இருந்தது.

நான்கு படிகளையும் தொடங்கினோம். முதற்படியில் ஒரு மாணவி சொன்னாள்: "சுவரில் கரி மேலே போகப்போக மெலிந்துபோகுது. புகை போன வழி தெரியுது." இன்னொருத்தி, "பூனை உம்மும்மாவைப் பார்க்குது. உம்மும்மா அடுப்பைப் பார்க்கிறா" என்றாள். உறவினர் குறையாகக் கண்ட கரிதான் அந்தக் குசினியின் இத்தனை ஆண்டுச் சமையலுக்குச் சாட்சி என்பது, யாரும் விளக்கிச் சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

மூன்றாம் படியில் ஒரு கேள்வி வந்தது: "உம்மும்மாவின் முகம் நிழலுக்குள் இருக்கணும் என்று நினைச்சீங்களா?" இல்லை, பின்னால் இருந்த சிறு சன்னலின் வெளிச்சத்தில் கெமரா ஏமாந்துவிட்டது என்றாள் அவள். உறவினர் சொன்ன மூன்று குறைகளில் ஒன்றும் படத்தின் குறை அன்று. படத்தின் உண்மைக் குறை இதுதான்; அதை அவர்கள் யாரும் சொல்லவில்லை. "நீங்கள் சன்னல் பக்கம் போய் நின்று எடுத்தால், அதே வெளிச்சம் உம்மும்மாவின் முகத்தில் விழும்" என்பது அவளுக்குக் கிடைத்த ஒரே ஆலோசனை.

அடுத்த வாரம் புதிய படத்தோடு வந்தாள். சுருக்கங்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒளி இருந்தது. பூனை இம்முறை மடியில். உம்மும்மாவிடம் காட்டினாளாம். "என்ட உம்மா மாதிரியே இருக்கேன்" என்று சொல்லி அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மறு வருடம் அந்த உம்மும்மா வபாத்தானார். விறகடுப்பும் பின்னர் உடைக்கப்பட்டது. அந்தக் குடும்பத்தில் படங்களைச் சுவரில் மாட்டும் வழக்கமில்லை. இரண்டு படங்களும் அல்பத்தில் இருக்கின்றன. முதலில் அழிக்கச் சொன்ன உறவினரும் பிரதி கேட்டு வாங்கிப் போயினர். மினுக்கிய பிரதியை ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டுப் படத்தில் விமர்சனம் தவறினால் இழப்பது என்ன என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. மலையை நாளைக்கும் எடுக்கலாம். மனிதரை அப்படியல்ல. ஆகவே எந்த விமர்சனம் கேட்டாலும், மூலப்படத்தை அழிக்காதீர்கள். திருத்துவதானால் பிரதியில் திருத்துங்கள்.

எதைப் பார்ப்பது?

விமர்சனம் சொல்ல வேண்டுமானால் பார்க்கத் தெரிய வேண்டும். நம் வீட்டுப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் சில குறைகளையும் அவற்றின் காரணங்களையும் தருகிறேன்.

வெள்ளையும் கறுப்பும்: கெமரா தான் காண்பதை நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சமாக்கவே முயலும். கறுப்பு அபாயா அணிந்த ராத்தாவைக் கிட்ட நின்று எடுத்தால், "இருட்டாக இருக்கிறது" என்று நினைத்து அது வெளிச்சத்தைக் கூட்டும், முகம் வெளிறிவிடும். வெள்ளைப் பாடசாலைச் சீருடையும் வெள்ளைப் பர்தாவும் படத்தை நிறைத்தால் வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கறுத்துவிடும். கறுப்புப் பூனை சாம்பல் பூனையாவதும் இதனால்தான். திரையில் முகத்தின்மேல் விரலால் தட்டி, பிறகு விரலை மேலோ கீழோ நகர்த்தினால் பல தொலைபேசிகளில் வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். "முகம் கறுப்பு" என்று ஒருவர் சொன்னால் அது நிறத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். "வெள்ளைத் துணியில் கெமரா ஏமாந்திருக்கிறது" என்றால் அது பாடம்.

ஒளி: கண்டியில் மலைகள் சூழ்ந்திருப்பதால் பல வீடுகளுக்கு வெயில் தாமதித்தே வருகிறது. காலை மூட்டமும் மழைக்கு முந்திய மேகமும் முகங்களுக்கு மிக நல்ல ஒளியைத் தருகின்றன. மேகம் ஒளியைப் பரப்பிவிடுவதால் கண்ணுக்குக் கீழே கடும் நிழல் விழாது. நண்பகல் முற்றத்தில் வரிசையாக நிறுத்தி எடுக்கும் பெருநாள் படத்தில் எல்லோரும் கண்ணைச் சுருக்குவது ஏன் என்று இப்போது விளங்கும். அவர்களை வாசற்படி நிழலுக்கு அழையுங்கள்.

தூரம்: தொலைபேசியின் பிரதான லென்ஸ் அகன்ற காட்சியைக் காண்பது. முகத்துக்கு மிகக் கிட்டக் கொண்டுபோனால் மூக்குப் பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரியும். ஐந்தாறு அடி பின்னால் நின்று, தேவையான பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது நல்லது. "என் மூக்கு இப்படியா?" என்று உம்மா கேட்டால், மூக்கில் பிழையில்லை, தூரத்தில்தான் பிழை என்று சொல்லுங்கள்.

கண்மட்டம்: பூனை, முயல், கிளி, கைக்குழந்தை ஆகியவற்றை நின்றபடி எடுத்தால் தலையின் உச்சிதான் வரும். தரையில் அமருங்கள். அவற்றின் கண்ணுக்கு நேரே கெமரா வந்ததும் படம் மாறிவிடும். எல்லாவற்றிலும் மேலாக, அண்மையில் உள்ள கண் தெளிவாக இருக்க வேண்டும். மூக்கு தெளிந்து கண் மங்கினால், பார்ப்பவர் மனம் ஒட்டாது.

அசைவும் பிளாஷும்: பூனை நமக்காக நிற்காது. வெளிச்சம் குறைந்த குசினியில் கெமராவுக்கு நீண்ட நேரம் ஒளி தேவைப்படுவதால் அசைவு பதிந்து மங்கும். கமரன் காலத்தில் ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள்கூட அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. நம் பூனைகள் அதிர்ஷ்டசாலிகள். வெளிச்சமுள்ள இடத்துக்கு அழைத்துச் சென்று, தொடர்ந்து பல படங்கள் எடுத்து, ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். பிளாஷ் வேண்டாம். பூனையின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இருப்பதால் கண்கள் பச்சையாக எரியும். அது மிரளவும் கூடும்.

பின்னணியும் ஓரங்களும்: எடுக்குமுன் படத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வாருங்கள். தலைக்குமேல் முளைத்த மின்கம்பம், பாதி வெட்டுண்ட வால், மணிக்கட்டில் அறுந்த கை எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அனுமதியும் அமானிதமும்

ஒருவரின் படம் நம் கையில் இருப்பது ஓர் அமானிதம். விமர்சனம் கேட்பதற்காகவேனும் அதை வெளியே எடுத்துச் செல்லுமுன், படத்தில் இருப்பவரின் அனுமதி வேண்டும். "படம் எடுக்கலாமா?" என்பது ஒரு கேள்வி. "என் கூட்டாளிகளுக்குக் காட்டலாமா?" என்பது வேறு கேள்வி. முதற்கேள்விக்கு "ஆம்" சொன்ன மாமி, இரண்டாவதற்கு "வேண்டாம்" என்று சொல்லலாம். அதற்குக் காரணம் கேட்கக்கூடாது. வீட்டுக்குள் பர்தா இல்லாமல் எடுத்த படங்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சிறு பிள்ளைகளுக்காகப் பெற்றோர் அனுமதி தருகின்றனர். ஆயினும் "எனக்கு விருப்பமில்லை" என்று தம்பி சொன்னால் அதையும் மதியுங்கள்.

அனுமதி கிடைக்காத படத்துக்கு விமர்சனமே பெற முடியாதா? முடியும். அதே சன்னல், அதே நேரம், அதே தூரம். உம்மாவின் இடத்தில் ஒரு பூனையையோ பூச்சட்டியையோ வைத்து எடுங்கள். ஒளியைப் பற்றியும் பின்னணியைப் பற்றியும் எல்லாக் கருத்தையும் அதைக் கொண்டே பெறலாம். பிறகு அந்த அறிவோடு உம்மாவின் படத்தை எடுங்கள். அது வீட்டை விட்டு வெளியே வரத் தேவையில்லை. எங்கள் வட்டத்தில் பூனைப் படங்கள் இவ்வளவு பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அச்சிட்ட பிரதியைக் காட்டுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பார்த்து முடித்ததும் அது நம் கைக்குத் திரும்பி வந்துவிடும். தொலைபேசி வழியாக அனுப்பிய படம் எங்கெங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. படம் எடுத்த இடத்தின் விபரமும் கோப்பினுள் பதிந்திருக்கக்கூடும்; கெமரா அமைப்பில் அதை நிறுத்தி வைக்கலாம். பெற்றோர் இதைப் பிள்ளைகளோடு ஒருமுறை சேர்ந்திருந்து சரிபார்ப்பது நல்லது.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

பிள்ளை படத்தைக் காட்டும்போது உங்கள் முதல் வார்த்தையே அதன் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. எல்லாவற்றுக்கும் "அருமை" சொல்லும் வீட்டில் பிள்ளை வளராது. உங்கள் சொல்லின் பெறுமதியும் தேய்ந்துவிடும். எல்லாவற்றிலும் குறை காணும் வீட்டில் பிள்ளை படத்தைக் காட்டுவதையே நிறுத்திவிடும். இடித்துச் சொல்லும் பெரியோரின் துணையைக் குறள் ஓர் அதிகாரத்தில் உயர்த்திப் பேசுகிறது. அங்கே இடிப்பவர் அன்பற்றவர் அல்லர், கூடவே இருப்பவர். பிள்ளையோடு அமர்ந்து, "இந்த மூன்றில் உனக்குப் பிடித்தது எது, ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். படக்கலை பற்றி எதுவும் தெரியாத பெற்றோரும் கேட்கக்கூடிய கேள்வி அது. பதிலில் பிள்ளையின் மனமும் உங்களுக்குத் தெரியவரும்.

உங்களைப் படம் எடுக்கவும் பிள்ளைக்கு இடங்கொடுங்கள். "நான் இப்போது நல்லா இல்லை, பிறகு எடு" என்று ஒவ்வொரு முறையும் ஒதுங்கும் தாய்மார் பலர். பிள்ளைகளின் அல்பத்தில் வாப்பாவும் தம்பியும் பூனையும் இருப்பர். உம்மா மட்டும் இருக்கமாட்டார்.

விடுமுறைக்கு ஒரு பயிற்சி

மாணவியரே, வரும் விடுமுறையில் இதைச் செய்து பாருங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் அனுமதி பெற்று, அவர் நாளாந்தம் செய்யும் ஒரு வேலையைப் பத்துப் படங்களாக எடுங்கள். தேங்காய் துருவுதல், தையல், செடிக்கு நீர் ஊற்றுதல், பூனைக்குச் சோறு வைத்தல் என எதுவானாலும் சரி. அவற்றுள் மூன்றைத் தெரிவு செய்து அச்சிடுங்கள். அம்மூன்றில் ஒன்று, உங்களுக்கு எங்கோ குறை தெரிகின்ற படமாக இருக்கட்டும். முதலில் அந்த மூத்தவரிடமே காட்டிக் கருத்துக் கேளுங்கள். பிறகு, அவர் சம்மதித்தால், நீங்கள் நம்பும் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வியோடு காட்டுங்கள். கேட்ட கருத்தைப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். கூடவே திகதியையும் படத்தில் இருப்பவரின் பெயரையும் எழுதுங்கள். பிறகு அந்த ஒரு திருத்தத்தோடு பதினோராவது படத்தை எடுங்கள்.

பதினோராவது படம் முதல் பத்தையும்விடச் சிறப்பாக அமையாமலும் போகலாம். ஆனால் ஏன் அமையவில்லை என்று உங்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து மற்றவரின் படத்துக்கும் நீங்கள் துணையாக முடியும்.